ரீஜன் சொன்ன பக்கம்தான் டெலிகேட் வாக்களிக்க வேண்டுமா?

#1 ஓடக்காரன்

நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணைய ஆட்டத்தில் கற்பனை நாடு நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி. வேறு அரசியல் சிமுலேஷன்களில் பதவி வகித்தவர்களும் சொல்லலாம்.

நான் ஒரு நடுத்தர ரீஜனின், அதாவது நாடுகள் சேர்ந்த ஒரு கூட்டத்தின், டெலிகேட். அதன் சார்பில் வாக்களிப்பவன். எங்கள் சட்டத்தில் குழப்பம் ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் உலகப் பேரவையில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தால் ரீஜனுக்குள் ஓர் உள்வாக்கெடுப்பு நடக்கும். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் டெலிகேட் வாக்களிக்க வேண்டும். மீறினால் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம். இதை ஏற்றுக்கொண்டுதான் பதவிக்கு வந்தேன்.

இப்போது பேரவையின் ஓர் அங்கமான பாதுகாப்பு அவையில் ஒரு நாட்டைக் கண்டிக்கும் தீர்மானம் வந்திருக்கிறது. அந்த நாட்டை நடத்துகிறவர் பழைய ரெய்டர், அதாவது பிறர் ரீஜன்களுக்குள் புகுந்து கைப்பற்றுகிறவர். எனக்கு நண்பரும் இல்லை, பகையும் இல்லை. இப்போது ஆட்டத்துக்கே வருவதில்லை, அதனால் பதில் சொல்லவும் அவர் இல்லை. தீர்மானத்தின் பிரதானக் குற்றச்சாட்டு, ஒரு ரீஜனைக் கைப்பற்றிய இரவில் அங்கிருந்த பூர்வகுடி நாடுகளை அவர்தான் வரிசையாக வெளியேற்றினார் என்பது. அந்த ரீஜனின் நிகழ்வுப் பட்டியலைத் தோண்டிப் பார்த்தேன். பட்டியலில் புதியது மேலே, பழையது கீழே. வெளியேற்றங்கள் எல்லாம் கீழே, வேறொரு நாட்டின் பெயரில் இருக்கின்றன. இவருக்கு எல்லைக் கட்டுப்பாட்டு அதிகாரம் தரப்பட்ட வரி அவை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அதாவது கதவைத் திறக்கும் சாவி கைக்கு வந்தபோது வெளியேற்ற ஆளே மிச்சமில்லை.

மற்ற குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் சரிதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்வாக்கெடுப்பு கண்டனத்துக்கு ஆதரவாக முடிந்துவிட்டது. பொய் என்று தெரிந்த ஒரு வாசகத்துக்கு என் நாட்டின் பெயரில் ஆதரவு விழ வேண்டும். என்ன செய்வீர்கள்?

#2 கல்மண்டபம்

விதி விதிதான். பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். பிடிக்காவிட்டால் பதவிக்கு வந்திருக்கக் கூடாது.

#3 புதுநாடு

நான் புதிது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரக்கணக்கான நாடுகள் வாக்களிக்கிற இடத்தில் ஓர் ஆளின் வாக்கு எந்தப் பக்கம் போனால் என்ன? அப்புறம், கண்டனம் நிறைவேறினால் அந்த நாட்டுக்கு என்ன ஆகும்?

#4 பேரவைக்கிறுக்கன்

புதுநாடு, சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். எனக்கு அது வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

2002-இல் மேக்ஸ் பாரி தொடங்கிய ஆட்டம் இது. அப்போது இந்த அமைப்புக்கு ஐக்கிய நாடுகள் என்றே பெயர். அசல் ஐ.நா.விடமிருந்து ஆட்சேபக் கடிதம் வந்து, 2008-இல் உலகப் பேரவை ஆனது. ஒருவர் எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேரவையில் ஒன்றைத்தான் சேர்க்கலாம். ஒரே ரீஜனில் இருக்கும் பேரவை உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எண்டார்ஸ்மென்ட் கொடுப்பார்கள். அதிகம் வாங்கியவர் டெலிகேட். சாதாரண உறுப்பினருக்கு ஒரு வாக்கு. டெலிகேட்டுக்கு அந்த ஒன்றோடு, வாங்கிய எண்டார்ஸ்மென்ட் எத்தனையோ அத்தனையும். பெரிய ரீஜன்களின் டெலிகேட்டுகள் நூற்றுக்கணக்கான வாக்குகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வாக்கெடுப்பு நான்கு நாள் நடக்கும். முதல் நாளே அவர்கள் ஒரு பக்கம் விழுந்துவிட்டால், எண்ணிக்கையைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்களில் பலர் தீர்மானத்தைப் படிக்காமலே அதே பக்கம் சாய்வார்கள்.

பேரவையின் இன்னோர் அங்கமான பொது அவையின் தீர்மானம் நிறைவேறினால் உறுப்பு நாடுகளின் புள்ளிவிவரமே மாறும். கண்டனத்தால் அப்படி எதுவும் ஆகாது. நாட்டின் பக்கத்தில் ஒரு சின்னம் ஏறும், அவ்வளவுதான். ரெய்டர்கள் பலர் அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓடக்காரருக்கு எண்டார்ஸ்மென்ட் கொடுத்தவர், தன் சொந்த வாக்கை ஓடக்காரருக்கு நேர் எதிராகப் போடலாம். அவர் கொடுத்த பலம் ஒரு பக்கமும் அவர் வாக்கு மறுபக்கமுமாக இரண்டும் எண்ணிக்கையில் வரும். டெலிகேட்டுக்கு மட்டும் இந்த வசதி கிடையாது. அவருடைய ஒற்றை வாக்கும் அந்த மொத்தத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது. வேறொரு நாட்டை வைத்துப் பேரவைக்குள் வரவும் முடியாது, அது தடை செய்யப்பட்ட காரியம். ரீஜனில் தன் சொந்தக் கருத்தைப் பேரவையில் வாக்காகப் பதிய வழியே இல்லாத ஒரே ஆள் டெலிகேட்தான்.

#5 தராசுமுள்

இதற்கு 250 ஆண்டு பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1774 நவம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், அவர்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் பேசியது. உறுப்பினர் தன் உழைப்பை மட்டுமல்ல, தன் தீர்ப்பறிவையும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார். உங்கள் கருத்துக்காக அதைப் பலிகொடுத்தால் அவர் உங்களுக்கு உழைக்கவில்லை, துரோகம் செய்கிறார் என்பது அதன் சாரம். ஓடக்காரரே, நிகழ்வுப் பட்டியலைத் திறந்து படித்த ஒரே ஆள் நீங்கள். மனசாட்சிப்படி எதிர்த்து வாக்களியுங்கள். விளைவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

#6 ஆறாம்விரல்

பர்க்கை இழுத்தால் முழுசாக இழுக்க வேண்டும் தோழர். அதே பேச்சில் அவர் சொல்லும் காரணம் என்ன? வாதங்களைக் கேட்கிறவர்கள் ஓரிடத்தில் இருக்கிறார்கள், முடிவெடுக்கிறவர்கள் முந்நூறு மைல் தள்ளி இருக்கிறார்கள், இது எப்படிச் சரியாகும் என்று கேட்கிறார். அன்றைக்கு அது நியாயமான கேள்வி. குதிரை வண்டியில் போய்க் கேட்டுவிட்டு வர முடியாது. நமக்கு அந்த முந்நூறு மைல் எங்கே இருக்கிறது? விவாதமும் உள்வாக்கெடுப்பும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருக்கின்றன. அடுத்த மணிநேரத்துக்குள் எல்லோரையும் கேட்டுவிடலாம்.

அப்புறம், அப்படிப் பேசியவரின் கதி என்ன ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். அயர்லாந்து வணிகம், கத்தோலிக்கர் உரிமை என்று வாக்காளர்களின் விருப்பத்துக்கு எதிராகவே நின்றார். 1780-இல் தோல்வி நிச்சயம் என்று தெரிந்து பிரிஸ்டலில் போட்டியிலிருந்தே விலகினார். மனசாட்சிக்கு ஒரு விலை இருந்தது, அதை அவர் கொடுத்தார். நீங்கள் அந்த விலையை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறீர்கள்.

#7 கல்மண்டபம்

அதையேதான் நானும் இரண்டு வரியில் சொன்னேன்.

#8 வெள்ளெருக்கு

யாருடைய மனசாட்சி என்று முதலில் சொல்லுங்கள். என் நாடு ஒரு கொடுங்கோல் முடியாட்சி, அங்கே தேர்தலே கிடையாது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பொது அவையில் மரண தண்டனை ஒழிப்பு வந்தால் என் மன்னர் எதிர்த்துத்தான் வாக்களிப்பார், நானும் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்துவேன். அது பாத்திரத்தின் வாக்கு. அங்கே வந்து 'என் மனசாட்சி உறுத்துகிறது' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

பாதுகாப்பு அவை அப்படி இல்லை. அங்கே கற்பனை நாட்டின் கற்பனைச் சட்டம் பேசப்படவில்லை. ஓர் ஆள் ஓர் இரவில் உண்மையாகவே திரையின் முன் உட்கார்ந்து என்ன செய்தார் என்பது பேசப்படுகிறது. செய்யாததைச் செய்தார் என்று எழுதினால் அது பாத்திரத்தின் மேல் சொன்ன பொய் இல்லை, ஆளின் மேல் சொன்ன பொய். அதனால் கல்மண்டபம் சொல்கிற 'பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்குங்கள்' பொது அவைக்குச் செல்லும், இங்கே செல்லாது. ஓடக்காரர் உறுத்தலோடு வந்திருப்பது சரி என்றே நினைக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

#9 புதுநாடு

வாக்களிக்காமல் விட்டுவிட்டால்? எந்தப் பக்கமும் இல்லை, பிரச்சினையும் இல்லையே.

#10 பேரவைக்கிறுக்கன்

பதிவான வாக்குகளில் பெரும்பான்மைதான் கணக்கு. உதாரணத்துக்கு ஒரு டெலிகேட்டின் பலம் 80 என்று வையுங்கள். ஆதரித்தால் அந்தப் பக்கம் 80 ஏறும். எதிர்த்தால் மறுபக்கம் 80, ஆக வித்தியாசம் 160. ஒதுங்கினால் ரீஜன் கேட்ட 80 காற்றில் போயிற்று. ஒதுங்குவது எதிர்ப்பதில் பாதி. பாதி மீறலும் மீறல்தான், கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ராஜினாமா செய்யலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பேரவையை விட்டு வெளியே வந்தால் வாங்கிய எண்டார்ஸ்மென்ட் எல்லாம் அந்த நிமிடமே போய்விடும். அடுத்த அப்டேட்டில், அதாவது ஆட்டம் கணக்கைப் புதுப்பிக்கிற நேரத்தில், அடுத்து அதிகம் வைத்திருப்பவர் டெலிகேட். அவருக்கும் ஓடக்காரருக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கிற ரெய்டர்கள் ஒரே அப்டேட்டில் புகுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். திரும்ப எண்டார்ஸ்மென்ட் சேர்க்க வாரக்கணக்கில் ஆகும். நிஜ நாடாளுமன்றத்தில் மனசாட்சிக்காக ராஜினாமா செய்கிறவர் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே அது ஊர்க் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற காரியம்.

#11 நெடுஞ்சாலை

இங்கே எல்லோரும் இரண்டு வேறு ஆட்களைப் போட்டுக் குழப்புகிறார்கள் என்று தோன்றுகிறது. ஒருவர் தன் தீர்ப்பறிவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இன்னொருவர் ஏற்கெனவே எடுத்த முடிவைக் கொண்டுபோய்ச் சேர்க்க அனுப்பப்பட்டவர்.

முதல் வகைக்கு நிறைய நாடுகள் சட்டத்திலேயே இடம் கொடுத்திருக்கின்றன. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 38-ஆவது பிரிவு, உறுப்பினர்கள் எந்தக் கட்டளைக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை, தங்கள் மனசாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்கிறது. பிரான்ஸ் அரசமைப்பின் 27-ஆவது பிரிவு, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்டளையிட்டு அனுப்புவதே செல்லாது என்கிறது.

இரண்டாம் வகைக்கு அமெரிக்க அதிபர் தேர்தலின் தேர்வர்கள், அதாவது மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்கள், நல்ல உதாரணம். 2016-இல் வாஷிங்டன் மாநிலத்தில் கிளின்டனுக்கு வாக்களிப்பதாக உறுதி கொடுத்த தேர்வர்களில் மூன்று பேர் போட்டியிலேயே இல்லாத காலின் பவலுக்கு வாக்களித்தார்கள். ஆளுக்கு 1,000 டாலர் அபராதம். உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2020-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, உறுதிமொழியை மாநிலம் கட்டாயப்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தார்கள். தேர்வரை யாரும் யோசிக்க அனுப்பவில்லை என்பதுதான் அதன் பொருள்.

ஓடக்காரரே, உங்கள் ரீஜனின் சட்டம் உங்களை இரண்டாம் வகையில் வைத்திருக்கிறது. அந்த வாக்கு உங்களுடையது இல்லை. அதனால் அதில் இருக்கும் பொய்யும் முழுக்க உங்களுடையது இல்லை. உங்களுடையதாக மிஞ்சுவது உங்கள் வாய். நிகழ்வுப் பட்டியலில் கண்டதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஆதாரத்தோடு எழுத உங்களை யாரும் தடுக்கவில்லை. அதைச் செய்யாமல் வாக்கை மட்டும் மாற்றிப் போட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

இன்னொரு மாதிரியும் இருக்கிறது, நமக்கு அதிகம் உதவக்கூடியது. இந்தியாவில் 1985-இல் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது பத்தாவது அட்டவணை. கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குள் இரண்டு வாசல் உண்டு. முன்கூட்டி அனுமதி வாங்கியிருந்தால் மீறல் இல்லை. அனுமதி இல்லாமல் மீறினாலும், 15 நாளுக்குள் கட்சி அதைப் பொறுத்துக்கொண்டுவிட்டால் பதவி போகாது. நிஜத்தில் அந்த வாசல்களை யார் திறக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் ஒரு ரீஜன் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் காரணத்துக்காக விலக்கு வேண்டும் என்று டெலிகேட் கேட்கட்டும், கொடுப்பதும் மறுப்பதும் ரீஜன் கையில் இருக்கட்டும்.

#12 சாம்பல்குருவி

ஓடக்காரன் ரீஜனில்தான் நானும் இருக்கிறேன். டெலிகேட்டின் மனசாட்சியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, எங்களுடையதைப் பற்றி யார் பேசுவது?

எங்கள் குடியுரிமை விதியில், உள்வாக்கெடுப்புகளைத் தொடர்ந்து தவறவிட்டால் குடியுரிமை போய்விடும். 'விலகுகிறேன்' என்று பதிந்தால் அது பங்கேற்பாகக் கணக்கில் வராது. விளைவு, தீர்மானத்தைப் படிக்க நேரமில்லாதவர்கள் தலைப்பைப் பார்த்து 'ஆதரவு' போட்டுவிட்டுப் போகிறார்கள். இந்தக் கண்டனத்துக்கு விழுந்த ஆதரவில் அப்படி எத்தனை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆஸ்திரேலியாவில் 1924 முதல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். ஆனால் வாக்கு ரகசியம் என்பதால் வெற்றுச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கட்டாயத்துக்குள்ளேயே ஒதுங்க ஒரு மூலை இருக்கிறது. நம் உள்வாக்கெடுப்பில் யார் எதைப் போட்டார் என்பது பெயரோடு தெரிகிறது. வெற்றுச் சீட்டும் கிடையாது, மறைவும் கிடையாது. டெலிகேட்டின் வாக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், அவர் பிறர் சார்பில் போடுகிறார். எங்கள் வாக்கு ஏன் வெளிப்படையாக இருக்க வேண்டும்?

#13 கல்மண்டபம்

ஆள் மாறாட்டத்தைத் தடுக்கத்தான். ரகசிய வாக்கு என்றால் ஒருவரே பப்பெட் என்கிற உபரி நாடு ஐந்தை வைத்துக்கொண்டு போட்டுவிட்டுப் போவார். இதை நிர்வகித்துப் பார்த்தவர்களுக்குத்தான் வலி தெரியும்.

ஆனால் விலகலைப் பங்கேற்பாக எண்ண வேண்டும் என்பது சரி. அதை எதிர்க்க என்னிடம் காரணம் இல்லை.

#14 ஆறாம்விரல்

கல்மண்டபம் ஒருவர் சொன்னதைச் சரி என்று ஒப்புக்கொண்ட நாள். குறித்துவைக்கிறேன்.

ஓடக்காரரே, ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டோம். நீங்கள் நிகழ்வுப் பட்டியலைப் பார்த்தது உள்வாக்கெடுப்பு முடிவதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் இது மனசாட்சிப் பிரச்சினையே இல்லை. மக்கள் ஒரு தகவல் இல்லாமல் முடிவெடுத்திருக்கிறார்கள், தகவல் இப்போது வந்திருக்கிறது, திரும்பக் கேளுங்கள். பேரவையில் வாக்கைக் கடைசி நிமிடம் வரை மாற்றலாம், நேரம் இருக்கிறது. எல்லோரும் பர்க்கையும் உச்ச நீதிமன்றத்தையும் கூப்பிடுவதற்குள் இதைச் செய்திருக்கலாம்.

#15 ஓடக்காரன்

பின்னால்தான். உள்வாக்கெடுப்பு வேகமாக முடிந்துவிட்டது.

ஆறாம்விரல் சொன்னபடியே செய்தேன். முடிந்த வாக்கெடுப்பைத் திரும்பத் திறக்கச் சட்டத்தில் வழியில்லை என்று அவைத்தலைவர் சொல்லிவிட்டார், அது நியாயம்தான். அதனால் கட்டுப்படுத்தாத கருத்துக் கேட்பாக ஒன்று வைத்தேன். மேலே பட்டியலின் படம், கீழே தீர்மானத்தின் அந்த வரி, வேறு எதுவும் எழுதவில்லை. ஆதரவு குறைந்தது, ஆனால் பெரும்பான்மை அப்படியே நின்றது. 'அந்த வரி பொய்தான், மற்றதெல்லாம் உண்மை, அதற்கே கண்டனம் போதும்' என்று பலர் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஏமாறவில்லை. தெரிந்தே முடிவெடுத்திருக்கிறார்கள்.

அதற்கு மேல் என் உறுத்தல் அவர்கள் முடிவைவிடப் பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆதரவாகவே வாக்களிக்கிறேன், அதோடு என் மறுப்பும் ஆதாரமும் ரீஜனின் முகப்புப் பக்கத்தில் இருக்கும். ஆனால் கடைசி நாள் வரை காத்திருந்து போடுவேன். எந்தப் பக்கம் என்று சட்டம் சொல்கிறது, எந்த நேரம் என்று சொல்லவில்லை. எங்கள் பலத்தைப் பார்த்து, படிக்காமல் பின்னால் வருகிறவர்களை நான் அந்த வரியின் மேல் ஏற்றிவிட மாட்டேன். என்னால் முடிந்த இடம் அது.

#16 தராசுமுள்

இதற்கு நேராகவே எதிர்த்திருக்கலாம். சொன்னபடி செய்துவிட்டேன் என்றும் சொல்லிக்கொள்ளலாம், பலன் கிடைக்காமலும் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டு பக்கமும் இல்லாத நிலை.

#17 நெடுஞ்சாலை

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரீஜன் கேட்டது 80 வாக்கு என்றால் 80 வாக்கும் எண்ணிக்கையில் வரும். பின்னால் வருகிறவர்களை இழுத்து வா என்று ரீஜன் கேட்கவில்லையே.

#18 கல்மண்டபம்

கேட்கவில்லை என்றாலும் எல்லோரும் எதிர்பார்ப்பது அதுதான். உள்வாக்கெடுப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள் டெலிகேட் வாக்களிக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ரீஜனுக்கும் சேர்த்துத்தான். நாளைக்கு வேறொரு டெலிகேட் மனசாட்சி என்று சொல்லாமல், சோம்பலிலோ பேரம் பேசவோ கடைசி நிமிடம் வரை இழுத்தால் என்ன செய்வீர்கள்?

#19 சாம்பல்குருவி

24 மணி நேரக் கெடு வைத்தால் அதே திருத்தத்தில் நெடுஞ்சாலை சொன்ன விலக்கு வாசலையும் வையுங்கள். புதுத் தகவல் வந்தால் டெலிகேட் ஒருமுறை மறுவாக்கெடுப்பு கேட்கலாம், கேட்டால் கெடு நிற்கும். விலகலைப் பங்கேற்பாக எண்ணுவது மூன்றாவது பிரிவு. மூன்றும் சேர்ந்து வந்தால் என் ஆதரவு உண்டு, கெடு மட்டும் தனியாக வந்தால் எதிர்ப்பேன்.

ஓடக்காரன், உள்வாக்கெடுப்பில் நான் கண்டனத்தை எதிர்த்தேன், பேரவையில் என் சொந்த வாக்கையும் எதிர்ப்பாகவே போட்டிருக்கிறேன். உங்களுக்குக் கொடுத்த எண்டார்ஸ்மென்ட் அப்படியே இருக்கும்.

#20 கல்மண்டபம்

மூன்றையும் ஒன்றாகக் கட்டினால் மூன்றும் தோற்கும். தனித்தனியாக வைக்கிறேன், மறுவாக்கெடுப்புப் பிரிவின் வாசகத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள். 'புதுத் தகவல்' என்று வெறுமனே எழுதாதீர்கள். எது புதிது என்று யார் முடிவு செய்வது, டெலிகேட்டா அவைத்தலைவரா, அதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.